செங்காத்துக்கு வியர்க்கக் கூடாது

செங்காத்து சாமி ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன்பு எட்டு வருடமாக அவன் மனிதனாகத்தான் இருந்தான், யாருக்கும் அதில் புகார் இருந்ததில்லை.

வில்லாபுரத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில் இருந்தது பாண்டிநாடு சித்திரக்கதை நிலையம். மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் போடுவார்கள். அதன் நாயகன்தான் செங்காத்து. நாலுவழிச் சாலை ஓரத்தில் பஞ்சர் ஒட்டுகிறவன். எங்காவது வண்டி கவிழ்ந்தாலோ யாராவது கிணற்றில் விழுந்தாலோ கையில் இருக்கும் வீல் ஸ்பேனரோடு செம்மண் காற்றாகச் சுழன்று போய் நிற்பான். கிளம்பும்போது ஒரே ஒரு வசனம்: "அழுகாத, வாரேன்." மதுரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தடுக்கி விழுந்த தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டுதான் ஓடினார்கள்.

அவனை உண்டாக்கியவள் தாமரைச்செல்வி. சமயநல்லூர்க்காரி. நாயகனின் முகத்துக்காக அவள் எங்கும் அலையவில்லை. அவள் அப்பா நல்லகாமன் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். லாரி ரிம்மின் வளையம் தெறித்து அடித்ததில் அவருடைய இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு, மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. அந்த முகத்தை அப்படியே எடுத்துப் போட்டாள். வசனமும் அவருடையதுதான். சின்ன வயதில் அவள் கிணற்றுப் படியில் வழுக்கி, ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபோது மேலேயிருந்து கேட்ட குரல் அது. முதன்முதலாக வரைந்த படத்துக்குச் சட்டம் போட்டு ஆபீஸில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். கீழ் மூலையில் அவள் கையெழுத்து இருக்கும்.

உரிமையாளர் சூரியபிரகாஷ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் சென்னையில் படக்கதைப் பதிப்பாளர்கள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனார். அங்கே கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி, சூப்பர் ஹீரோக்கள்தான் இந்தக் காலத்தின் கடவுள்கள் என்று பேசினார். மற்ற ஊர்க்காரர்கள் அதை ஓர் உவமை என்று எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நம் ஆள் அதை அரசாணை என்று எடுத்துக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரையும் கூப்பிட்டார்.

"செங்காத்து இன்னையிலருந்து சாமி. எல்லாரும் செருப்ப வெளிய கழட்டிட்டு வாங்க."

வர்ணம் போடும் தேவிகா, "எந்தச் சாமி சார்?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் குழு போட்டிருக்கேன்," என்றார்.

குழுவின் பெயர் தெய்வநிலை அங்கீகாரக் குழு. தலைவர் மொக்கைச்சாமி, ஓய்வுபெற்ற உதவி ஆணையர். எந்தத் துறை என்று கேட்டால் "துறை" என்று மட்டும் சொல்வார். வந்த முதல் வாரத்திலேயே, கோயில் வழக்கப்படி, சந்தா கட்டளை ஆனது, சந்தாதாரர் கட்டளைதாரர் ஆனார், வாசகர் கடிதங்கள் வேண்டுதல்கள் ஆயின. வேண்டுதலுக்குப் பதில் போடுவது வழக்கமில்லை என்பதால் கடிதத்துக்குப் பதில் போடுவதும் நின்றது.

அச்சில் நிறம் பிசகிய பிரதிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டது இனிமேல் ஆகாது என்றார்கள். பின்னமான விக்ரகத்தை ஆற்றில்தான் விட வேண்டும். மூட்டை கட்டிக்கொண்டு மேளத்தோடு வைகைக்குப் போனார்கள். வைகையில் தண்ணீர் இல்லை. டேங்கர் லாரி ஒன்றைச் சொல்லி வரவழைத்து, மணலில் குழி தோண்டித் தண்ணீர் அடித்து, புத்தகங்களை முக்கி எடுத்தார்கள். குடத்தோடு ஓடிவந்த பெண்களைக் குழு விரட்டியது. அந்தத் தண்ணீர் தீர்த்தமாம், குடிப்பதற்கு இல்லையாம். இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது, ஆனால் கூத்து இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பிறகு தாமரைச்செல்வியின் பக்கங்களைப் பார்வையிட்டார்கள். மொக்கைச்சாமி பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"நெத்தியில என்னம்மா முத்து முத்தா?"

"வேர்வை சார். லாரியத் தூக்குறான்ல."

"சாமிக்கு வேர்க்கக் கூடாது. காலும் தரையில படக் கூடாது. கண்ணு இமைக்கக் கூடாது, நெழலு விழுகக் கூடாது. நளன் கதையில தேவர்கள எப்படிக் கண்டுபுடிக்குறதுன்னு எல்லாம் தெளிவா இருக்கு."

"கால ஊண்டாம எப்படி சார் லாரியத் தூக்குவான்?"

"லாரி தானா எந்திரிக்கும். சாமி பக்கத்துல இருப்பாரு."

"அப்ப சாமி என்னதான் சார் செய்வாரு?"

"இருப்பாரு. அதுக்குப் பேருதாம்மா சாமி. நான் முப்பது வருசம் துறையில இருந்தேன். ஒரு நா ஒருத்தன் என்னையப் பாத்து என்ன செய்யுறன்னு கேட்டது கிடையாது."

அடுத்த இதழில் பள்ளிக்கூட வேன் ஒன்று கிணற்றில் விழுந்தது. பதினான்கு பக்கம் பிள்ளைகள் உள்ளே அழுதார்கள். செங்காத்து கிணற்றுக்கு மேலே ஓரடி உயரத்தில், இமைக்காமல், வியர்க்காமல் நின்று கையை உயர்த்தி ஆசி வழங்கினார். "அழுகாத, வாரேன்" என்பது கொச்சையாக இருக்கிறது என்று குழு அதை "அஞ்சற்க, யாம் எழுந்தருள்கிறோம்" என்று திருத்தியிருந்தது. எழுந்தருளுவதற்குள் இதழ் முடிந்துவிட்டது. விற்பனை கூடியது. அதைத்தான் தாமரைச்செல்வியால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது மாதம் தழும்பிடம் வந்தார்கள். அது அங்கப் பின்னம், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பல்லையும் கட்டிவிடச் சொன்னார்கள்.

அதுவரை சொன்னதையெல்லாம் செய்தவள் பேனாவை மூடி வைத்தாள். "தழும்ப எடுத்தா அது எங்கப்பா இல்ல சார்."

"யாரு?" என்றார் மொக்கைச்சாமி.

"எங்கப்பா. சமயநல்லூர்ல பஞ்சர் கடை வச்சிருக்காரு. அவரு முகந்தான் இது."

மொக்கைச்சாமி பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். சூரியபிரகாஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாமிக்கு உயிரோடு ஓர் ஆள் சாயலா, அதுவும் கையெல்லாம் கிரீஸாக? குழு இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. மூன்றாம் நாள் தலைவர் பேருரை ஆற்றினார். ஊழியர்கள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"ஒரு பொம்பளப் புள்ள பஸ் ஏறி வந்து, டீயக் குடிச்சுக்கிட்டு, ரப்பர் வச்சு அழிச்சு அழிச்சு வரஞ்சதுன்னா அத எவன் கும்பிடுவான்? சாமிய ஒருத்தர் செஞ்சாருன்னு சொன்னாலே சாமி சின்னதாயிருது. உலகத்துல பெரிய படக்கதைக் கம்பெனிக எப்படிப் பெருசாச்சுன்னு விசாரிச்சேன். வரஞ்சவன் பேர மறந்துட்டுத்தான் பெருசாயிருக்காய்ங்க. அவய்ங்களுக்கு அதுக்கு வக்கீல் வைக்க வேண்டியிருந்துச்சு. நம்ம பெரியவங்க நமக்கு ஒரே சொல்லுல முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. சுயம்பு. செங்காத்து யாரும் செய்யாம தானா வந்த சாமி."

"நான் வரஞ்சேனே சார்," என்றாள் தாமரைச்செல்வி.

"உன் கை வழியா வந்துச்சும்மா. கொழா வழியாத் தண்ணி வருது. கொழாவா தண்ணிய உண்டாக்குச்சு?"

"எட்டு வருசமாச் சம்பளம் குடுத்தீங்களே?"

"அது காணிக்கை," என்றார் சூரியபிரகாஷ். சொல்லும்போது கண் கலங்கியது. உண்மையிலேயே கலங்கியது. இந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை, சகிக்கவும் முடியவில்லை.

அட்டையிலிருந்து அவள் பெயர் போனது. அடுத்து நல்லகாமனின் முகம்.

குழு வேன் எடுத்துக்கொண்டு சமயநல்லூருக்குப் போனது. நல்லகாமன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் காற்றடிக்க வந்த கட்டளைதாரர் ஒருவர் அவரைப் பார்த்ததும் கிரீஸ் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அதனால் வேனிலிருந்து கூட்டமாக இறங்கியதும் நல்லகாமன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அய்யா, நீங்க சாமி முகத்தோட பொறந்துட்டீங்க," என்று ஆரம்பித்தார் சூரியபிரகாஷ்.

"எனக்கு அறுபத்தி மூணு வயசாகுது தம்பி. ஒங்க சாமிக்கு எட்டுன்னு புள்ள சொல்லுச்சு."

"சுயம்புக்கு வயசு கிடையாது," என்றார் மொக்கைச்சாமி.

"அப்ப இந்தத் தழும்பு? இது ரிம்மு தெறிச்சதுப்பா. பெரியாஸ்பத்திரியில தையல் போட்டாய்ங்க."

"அதத்தான் மறைக்கச் சொல்றோம்." ஒரு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நெற்றியிலிருந்து மூக்கு வரை மூடுகிற சிவப்புத் துணி முகமூடிகள். "கடையில இருக்கையில, ரோட்டுல போகையில, இதப் போட்டுக்கங்க. சாமி முகம் ஒன்னுதான் இருக்கணும்."

நல்லகாமன் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "படக்கதையில முகமூடி போடுறது வேற ஆளுல்ல? ஊரக் காப்பாத்துறவனுக்குத்தான அது?"

"காப்பாத்துறவருக்கு இப்ப முகமூடி தேவையில்ல அய்யா. மத்தவங்களுக்குத்தான் தேவை," என்றார் சூரியபிரகாஷ்.

நல்லகாமன் அந்தத் துணியால் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். நல்ல துணி, மிச்சத்தையும் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே தாமரைச்செல்வி வேலையை விட்டாள். "தானா வந்த சாமி அடுத்த மாசமும் தானா வரட்டும் சார்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். இதழ் நின்றுபோகும், வந்து கெஞ்சுவார்கள், அப்பாவின் முகத்தை அப்படியே கேட்டு வாங்கிவிடலாம் என்று அவள் கணக்கு. நியாயமான கணக்குதான். நியாயம் அந்த மாடிப்படி ஏறுவதில்லை என்பதை மறந்துவிட்டாள்.

இதழ் வந்தது. அட்டையில் தழும்பைத் துடைத்த ஒரு பழைய படம் இருந்தது, உள்ளே முப்பத்திரண்டு பக்கமும் வெள்ளைத் தாள். செங்காத்து அருவ நிலையை அடைந்துவிட்டதாகக் கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு. ஆனையூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு கணவனும் மனைவியும் வெள்ளைப் பக்கங்களைப் புரட்டி, "இதுல ரொம்பத் தெளிவா இருக்காரு," என்று பேசிக்கொண்டதைத் தேவிகா காதால் கேட்டு வந்து சொன்னாள். இரண்டாம் பதிப்பும் போட்டார்கள். தவறாக அச்சானவை என்று ஒன்றுகூட இந்த முறை ஆற்றுக்குப் போகவில்லை.

இனி அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் பாக்கி. சுவரில் மாட்டிய முதல் படம். தழும்போடு, பொக்கைப் பல்லோடு அப்பா இருக்கும் மூலப் படங்களில் மிச்சம் அது ஒன்றுதான். மற்றதிலெல்லாம் குழு வெள்ளை மை பூசித் திருத்திவிட்டது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்துக்குப் போனாள்.

மாடிப்படி தொடங்கித் தெருமுனை வரை வரிசை நின்றது. செருப்பை விட்டுவிட்டு இவர்களும் நின்றார்கள். வாசலில் காவலாளி குழு கொடுத்திருந்த ஒரு போட்டோவைப் பார்த்தார், நல்லகாமனைப் பார்த்தார், பெட்டியிலிருந்து முகமூடி எடுத்து நீட்டினார். "போடலன்னா உள்ள விடமாட்டேன் அண்ணே. என் வேல போயிரும்." அடுத்தவன் வேலை போகும் என்றால் நல்லகாமன் எதையும் செய்வார். போட்டுக்கொண்டார்.

உள்ளே அவள் உட்கார்ந்து வரைந்த இடத்தில் திரை தொங்கியது. பின்னால் அந்தப் படம். புருவத்தில் கனமாகச் சந்தனம் அப்பியிருந்தது, கீழ் மூலையில் கையெழுத்தின் மேலும் அப்பியிருந்தது. அது தாமரைச்செல்விக்கு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பக்கத்துச் சுவரில் இருந்தது. அவளுடைய போட்டோ. சம்பங்கி மாலை. மேலே சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிந்தது.

முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "இந்தப் புள்ள கை வழியாத்தான் சாமி வந்தாராம். வேல முடிஞ்சதும் சோதியில கலந்துருச்சாம்," என்றாள்.

"நான்தான்க்கா அது."

அம்மாள் போட்டோவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "அந்தப் புள்ள முகத்துல ஒரு களை இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

தீபாராதனை நேரம். சூரியபிரகாஷ் இடுப்பில் துண்டோடு வந்து, போட்டோவின் மாலையை எடுத்துவிட்டுப் புது மாலை போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உதடு துடிக்க, அவ்வளவு பக்தியோடு.

தாமரைச்செல்விக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர்கள் குலசாமி ஒரு காலத்தில் காவலுக்கு நின்ற மனிதர். அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள். மாசி மாதக் களரித் திருவிழாவில் இன்றைக்கும் முதல் மாலை கொன்றவர் வகையறாவிடமிருந்துதான் வரும். ஆனால் மாலையை வாங்கிக்கொண்டு அந்தச் சாமி சும்மா இருந்ததில்லை. யார் மேலாவது இறங்கி, ஏண்டா கொன்னீங்க என்று ஊர் நடுவே கேட்கும். கேட்ட பிறகுதான் பொங்கல் பானை ஏறும்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பல்லைக் கடித்தாள். எப்படிச் செய்வது என்று வருடா வருடம் பார்த்திருக்கிறாள், கஷ்டமே இல்லை.

"டேய்," என்றாள், செங்காத்தே தன்மேல் இறங்கியதுபோல. கூட்டம் சுவரோடு ஒட்டியது. "வரஞ்சவ பேர எதுக்குடா அழிச்சீங்க? என் முகத்துல எதுக்குடா சந்தனத்த அப்புனீங்க? எழுதுடா அவ பேர. என் முகத்த எனக்குக் குடுறா."

சூரியபிரகாஷ் தரையோடு தரையாக விழுந்தார். எட்டு வருடத்தில் அவள் கேட்ட ஒன்றை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். "எழுதுறேன் சாமி, பெரிய எழுத்துல எழுதுறேன்."

காரியம் முடிந்தது என்று நினைத்து அவள் முடியை அள்ளி முடிந்தாள். அப்போதுதான் மொக்கைச்சாமி தொண்டையைக் கனைத்தார்.

"சாமி இறங்கியாச்சு. கால் தரையில படுது பாருங்க."

நான்கு பேர் ஓடிவந்து அவளை அலாக்காகத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியை மேஜைமேல் ஏற்றினார்கள். அவளுடைய போட்டோவுக்கு நேர் கீழே. வியர்க்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் டேபிள் ஃபேன் வைத்தார்கள்.

"எறக்கி விடுங்க. நான் நடிச்சேன்."

"சாமி வெளையாடுறாரு," என்று மொக்கைச்சாமி கூட்டத்துக்கு விளக்கினார்.

"எனக்குப் பேனா குடுங்க. நானே வரையுறேன், எம்புட்டு வேணும்னாலும் வரையுறேன்."

"சாமி வேல செய்யக் கூடாது தாயி. ஒங்க பேரு அட்டையில வரும். வரையுறதுக்கு நாங்க வேற ஆள் பாத்துக்குறோம். சந்தோசமா இருங்க. அதான் ஒங்க வேல."

வரிசை நகர ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்திருந்தால் அவள் அழுவது தெரிந்திருக்கும். சாமி அழக் கூடாது என்பதால் துடைப்பதற்கு ஒருவர் நியமிக்கப்பட்டார்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அழுகாத, வாரேன்."

ஒருவரும் திரும்பவில்லை. அந்த வசனம்தான் மாற்றப்பட்டுவிட்டதே. நல்லகாமன் முகமூடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். "லைன்ல வாங்க பெருசு," என்றார்கள். தழும்பைப் பார்த்தும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அட்டையில் திருத்திய முகத்தைத்தானே அவர்கள் மாதாமாதம் கும்பிடுகிறார்கள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"எறங்கு தாயி."

"கால் தரையில படக் கூடாதாம்ப்பா."

"படட்டும்."

அவள் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் திரையை விலக்கி, சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். காவலாளி தடுக்க வந்து பாதியில் நின்றார். சாமி சாமியை எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று மொக்கைச்சாமியைப் பார்த்தார். மொக்கைச்சாமி மனதுக்குள் விதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்படி ஒரு விதி போட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

இருவரும் படியிறங்கும்போது மேலே மணி அடித்தது. காலி நாற்காலிக்குத் தீபாராதனை. வரிசை முன்பைவிட வேகமாக நகர்கிறது என்று யாரோ சந்தோஷப்பட்டார்கள்.

வாசலில் செருப்பு இல்லை. எவனோ இரண்டு ஜோடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த இடம் கோயிலாகவே ஆகிவிட்டிருந்தது. நடுமத்தியானம், தார் ரோடு கொதித்தது. அப்பாவும் மகளும் பஸ் நிறுத்தத்தை நோக்கி எட்டு வைத்து நடந்தார்கள், உள்ளங்கால் சுட்டது, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது, காலடியில் நிழல் ஒட்டிக்கொண்டே வந்தது. தாமரைச்செல்வி நடந்துகொண்டே நகத்தால் படத்தின் சந்தனத்தைச் சுரண்டினாள். காய்ந்துபோன சந்தனம், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முதலில் தழும்பு வந்தது. பிறகு, மூலையில், அவள் பெயர்.